லில்லிக்கு நான் வாத்தியாரான கதை

ஹார்மோனியக்காரர் துருத்தியை இழுத்துவிட்டார். எனக்குக் குப்பென்று வியர்த்தது.

மாசி மாதம், அறுப்புப் பண்டிகை. புதுக்கோட்டையில் எங்கள் கிறிஸ்தவ சபைக் கோயில். பீடத்துக்குக் கீழே கதிர்க்கட்டு, பூசணிக்காய், வாழைத்தார், கால் கட்டிய நாலைந்து கோழிகள். கோட்டைப்பட்டினத்திலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் கூடை நிறையக் கருவாடு கொண்டுவந்து காணிக்கையாக வைத்திருந்தார். அதனால் அன்றைய பரிசுத்தத்துக்கு ஒரு தனி வாசனை.

முன்னால் விரித்த பாயில் பிள்ளைகள். பிள்ளைகளில் முதல் ஆள் என் அக்கா மகள் லில்லி. ஆறு வயது. எண்ணெய் வழிய வாரிய இரட்டைச் சடை, பச்சை ரிப்பன், இஸ்திரி போட்ட கவுன். அவளுக்குப் பக்கத்தில் திருச்சி போர்டிங் பள்ளிக்கூடத்து ஞானாபரணம் டீச்சர், ஏதோ சொந்தப் பிள்ளையைப் போல அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு.

ஹார்மோனியத்தில் முதல் நாலு ஸ்வரம் வந்தது. லில்லி நிமிர்ந்தாள். மூச்சை இழுத்தாள்.

அந்தக் கோயிலில் இருந்த அத்தனை பேரில், அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து அடுத்தபடி என்ன வரப்போகிறது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். பாயை விட்டுப் பாதி எழுந்தேன். பின்னால் இருந்த பெரியவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார்.

லில்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருக்கட்டும். நான் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

தேசம் விடுதலை ஆகிற வரைக்கும்

சென்ற வாரம், ஸ்டிரைக்கில் கோஷம் போட்டதற்காகத் திருச்சிக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டேன் என்று மீசையை முறுக்கி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர் கார்டு போட்டிருக்கிறார்: 'நீர் கோஷம் போட்டீரா, கூட்டத்தில் வாயை அசைத்தீரா?' ஐயா, நீர் அன்றைக்கு என் பக்கத்தில்தான் நின்றிருக்க வேண்டும்.

இன்னொருவர், இருபத்திரண்டு வயதில் நினைவுக் குறிப்பு எழுத என்ன அவசரம் என்று கேட்கிறார். அறுபது வயது வரை பொறுத்திருந்தால் என் அசட்டுத்தனத்தையெல்லாம் அனுபவம் என்று திருத்தி எழுதிவிடுவேன். அதுதான் அவசரம்.

கதைக்கு வருகிறேன். நீக்கப்பட்ட வீரன் அப்பா முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லாமல், டிரங்குப் பெட்டியோடு அரிமளத்தில் அக்கா வீட்டில் போய் இறங்கினான். யுத்த காலம். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, அந்தப் புகையில் ஓட்டினார்கள். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து அரிமளம் வரை பாதித் தூரம் பஸ் என்னைச் சுமந்தது, மீதித் தூரம் நான் பஸ்ஸைச் சுமந்தேன். போய்ச் சேர்ந்தபோது என் முகத்தில் இருந்த கரியில், கல்லூரி பூசிய கரி எது, பஸ் பூசிய கரி எது என்று தெரியவில்லை.

அத்தான் அந்த ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். சிவப்பு மருந்தையும் வெள்ளை மருந்தையும் சொட்டு எண்ணி ஊற்றுகிற மனுஷர். பேச்சும் அதே மாதிரி, சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

என் பெட்டியைப் பார்த்து, "எத்தன நாளைக்கு மாப்ள?" என்றார்.

"தேசம் விடுதலை ஆகுற வரைக்கும் அத்தான்."

"அப்ப ஒரு கட்டில் வாங்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிள்ளையார் பாட்டு

விஜயதசமியன்று லில்லியை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஒன்பது நாள் போனாள். பத்தாம் நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் குடும்ப ஜெபம்.

எங்கள் வீடுகளில் இது சாப்பாடு மாதிரி, ஒருநாளும் தவறாது. அத்தான் ஹார்மோனியத்தை முன்னால் இழுத்து வைத்துக்கொள்வார். ஒரு கீர்த்தனை, வேதத்தில் ஓர் அதிகாரம், பிறகு எல்லோரும் முழங்காலில். பகலெல்லாம் தத்துக்கிளி போலத் தாவுகிற லில்லி அந்த ஒரு நேரத்தில் மட்டும் ஆணி அடித்தாற்போல உட்காருவாள். பாட்டென்றால் அவளுக்கு அப்படி. எந்தப் பாட்டானாலும் இரண்டு தரம் காதில் விழுந்தால் போதும், பிடித்துக்கொள்வாள்.

"பாப்பா, இன்னிக்கி நீ ஒண்ணு படி" என்றார் அத்தான்.

பாப்பா கண்ணை மூடினாள், கையைக் கூப்பினாள். பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் பாடுகிற பிள்ளையார் பாட்டைப் பாடினாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. முடிவில் நெற்றியில் இரண்டு குட்டு, மூன்று தோப்புக்கரணம்.

நான் கைதட்டிவிட்டேன். தட்டியிருக்கக் கூடாது என்பது அக்கா விலாவில் இடித்த இடியில் தெரிந்தது.

அத்தான் சத்தம் போடுகிற ஆளில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் அவரை விட நல்ல மனுஷர். "வகுப்புலயே ஒங்க புள்ளதாங்க நல்லாப் பாடுது. நாளையிலேர்ந்து அதையே முன்னாடி நின்னு பாடச் சொல்லலாம்னு இருக்கேன்" என்றாராம் பெருமையாக. அத்தான் நன்றி சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"திருச்சி போர்டிங்ல போட்டுருவோம்" என்றார் மத்தியானம் சாப்பிடும்போது.

அக்கா ரசக்கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டாள். லில்லிக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இது ஒன்றுதான்.

"ஆறு வயசுப் புள்ளைங்க. தூக்கத்துல எந்திரிச்சு தண்ணி கேக்கும்."

"அங்க தண்ணி இருக்கு."

"தண்ணி இருக்கும். கேட்டா நான் இருக்க மாட்டேன்ல."

அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தத் தெருவிலேயே, ஏன், அந்த ஊரிலேயே எங்கள் சபையைச் சேர்ந்த வீடு அது ஒன்றுதான். "நம்ம பாட்டு அவளுக்குத் தெரிய வேணாமா?" என்றார் கடைசியில். மூன்று சொட்டு அதிகமாகவே விட்டுவிட்டார் அன்றைக்கு.

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

"எதுக்கு போர்டிங்கு? நான் சொல்லிக் குடுக்குறேன். வீட்டுலயே."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுப் பூனை பேசினால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"நீயாடா?" என்றாள் அக்கா.

"காலேஜ்ல சைக்காலஜி படிச்சிருக்கேன்க்கா. மனுசன் எப்புடிக் கத்துக்கிறான்ங்குற சாஸ்திரம்."

"நீ கத்துக்கிட்டியா?"

அத்தான் கையைக் கழுவிவிட்டு வந்தார். "மாசியில அறுப்புப் பண்டிகைக்கு ஞானாபரணம் டீச்சர் புதுக்கோட்டைக்கு வருவாங்க. அவுங்க பரீட்ச வெக்கட்டும். தேறலன்னா திருச்சி."

தேறினால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அக்கா வீட்டில் இரண்டு மாதமாகத் தின்ற சோற்றில் அந்த ஒரு கரண்டிதான் மரியாதையாக விழுந்தது.

நாயும் மணியும்

சைக்காலஜி வகுப்புக்கு நான் மொத்தம் போனது மூன்று நாள். அதில் இரண்டு நாள் தூங்கினேன். இந்த உண்மையை அப்போது அக்காவிடம் சொல்லவில்லை. இப்போது அச்சில் வருவதால் படித்துக்கொள்வாள்.

பள்ளிக்கூடம் ஜோராகத் தொடங்கியது. சுவரில் கரிக்கட்டியால் டைம்டேபிள் எழுதினேன். அக்கா வெள்ளையடித்த சுவர் அது, அவள் பேசியதை இங்கே எழுதுவதற்கில்லை. 'நேரடிப் பாடம்' என்று ஒரு தவளையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். லில்லி அதற்கு மருந்துப் புட்டி மூடியில் தண்ணீர் வைத்துக் காய்ச்சல் பார்த்தாள். தவளை மத்தியானமே டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டது.

எழுத்து சீக்கிரம் வந்துவிட்டது, அதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. கம்பவுண்டர் வீட்டில் திரும்பின பக்கமெல்லாம் புட்டி, புட்டி மேலெல்லாம் சீட்டு. லில்லி தானாகப் படித்த முதல் வாக்கியம் 'குலுக்கிச் சாப்பிடவும்'. அன்று மதியம் மோரைக் குலுக்கினாள், ரசத்தைக் குலுக்கினாள். சட்டி மட்டும் தப்பித்தது.

வாய்ப்பாடுதான் வரவில்லை. புளியங்கொட்டையை ஏழேழாக அடுக்கிக் காட்டினால், எனக்குத் தெரியாமல் எடுத்துப்போய் அடுப்பில் வறுத்துத் தின்றாள்.

"மூவேழு எத்தன லில்லி?"

"நீயே சொல்லு மாமா. நீதான காலேஜ் படிச்ச."

நான் கத்துவேன், அவள் அதைவிடக் கத்துவாள். பால் ஊற்ற வருகிற அழகி ஒருநாள் செம்பை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டே விட்டாள்: "ஏந்தம்பி, புள்ளைக்குப் பாடஞ் சொல்றியளா, மாடு பத்துறியளா? அங்கிட்டு எங்க தொழுவம் வரைக்கும் கேக்குது. எம் மாடெல்லாம் எந்திரிச்சு நிக்குது."

கார்த்திகை போய் மார்கழியும் வந்துவிட்டது. அக்கா தினம் ராச்சோறு போடும்போது, "எது வரைக்கும் வந்திருக்கா?" என்பாள். நான், "அஸ்திவாரம் போட்டுக்கிட்டு இருக்கேன்க்கா" என்பேன். அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

அப்போதுதான் நான் தூங்காமல் கேட்ட அந்த மூன்றாம் நாள் பாடம் கைகொடுத்தது. யாரோ ஒரு ருஷ்ய டாக்டர். நாய்க்குச் சோறு வைக்கும்போதெல்லாம் மணி அடித்தாராம். கொஞ்ச நாளில் சோறு இல்லாமலே மணி அடித்தாலே நாய்க்கு எச்சில் ஊறியதாம். ஆகா, என்று எழுந்து உட்கார்ந்தேன். லில்லிக்கு மணி எது? ஹார்மோனியம்.

ஒவ்வொரு வாய்ப்பாட்டையும் ஒரு கீர்த்தனை ராகத்தில் ஏற்றினேன். அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஹார்மோனியத்தை இறக்குவேன். நாலு ஸ்வரம் வாசித்ததும் வாய்ப்பாடு வர வேண்டும். யோசிக்கக் கூடாது. முடித்ததும் திரும்பிக் கையை நீட்டினால் ஒரு பொரிவிளங்காய் உருண்டை. நாய்க்கு எலும்பு, லில்லிக்கு உருண்டை.

நாய் விஷயத்தை அக்காவிடம் பெருமையாகச் சொன்னது தப்பு. "எம் புள்ளைய நாயோட சேக்குறியா?" என்று துடைப்பத்தைத் தேடினாள். பிறகு, "அது கெடக்கட்டும். சாமி பாட்டுல ஏழும் எட்டும் போடுறியே, பாவமில்லையா?" என்றாள்.

"ராகத்துக்கு ஏதுக்கா பாவம்?"

"அத்தான் காதுல விழுந்துச்சு, ஒன் பெட்டி இங்கிட்டு இருக்காது."

அதையெல்லாம் யோசிக்காத முட்டாளா நான்? தினம் பாடுகிற பாட்டுகளில் ஏற்றினால் குடும்ப ஜெபத்தில் குட்டு உடைந்துவிடும். ஆகவே, வருஷத்துக்கு ஒரு தரம் மட்டும் பாடுகிற பாட்டுகளாகப் பார்த்துப் பொறுக்கினேன். ஈஸ்டர் பாட்டுக்கு எட்டு. கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஒன்பது, அதையும் பண்டிகை முடிந்து விருந்தாளிகள் போன பிறகுதான் ஏற்றினேன். பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டுக்குப் பதின்மூன்று. அறுப்புப் பண்டிகைப் பாட்டுக்கு ஏழு. அடேயப்பா, என்ன மூளை என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

பரீட்சை எந்தப் பண்டிகைக்கு என்பது மட்டும் அந்த மூளைக்கு எட்டவில்லை.

தை முடிவதற்குள் லில்லி பதினாறு வரை வந்துவிட்டாள். தலைகீழாக, குறுக்காக, எங்கே கேட்டாலும் சொல்வாள். அக்கா கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு, "எந் தம்பி படிச்ச புள்ளதான்" என்று அழகியிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். கேட்டுவிட்டுத் தெருவில் இரண்டு தரம் காரணமில்லாமல் நடந்தேன்.

தேறிவிட்டாள்

பண்டிகைக்கு முதல் நாள் சனிக்கிழமை வண்டி கட்டிப் புதுக்கோட்டைக்குப் போய், ஐயர் வீட்டில் இறங்கினோம். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். பூணூல் போட்ட ஐயர் இல்லை, மூக்குப்பொடி போட்ட ஐயர். அவர் வீட்டுக் கூடத்தில்தான் பரீட்சை.

ஞானாபரணம் டீச்சர் வெள்ளைப் புடைவை, இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடி. பேப்பரைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். லில்லி யுத்தச் செய்தி முழுவதையும் படித்துவிட்டுப் பக்கத்திலிருந்த தலைவலி மருந்து விளம்பரத்தையும் படித்தாள், அதில் கூடுதல் உற்சாகத்தோடு.

பிறகு சிலேட்டில் பெருக்கல் கணக்கு எழுதிக் கொடுத்தார். ஏழாறு. லில்லி கண்ணை மூடினாள். உதடு மட்டும் லேசாக அசைந்தது. கண்ணைத் திறந்து நாற்பத்திரண்டு என்று எழுதினாள். எட்டொன்பது. கண்ணை மூடினாள், உதடு அசைந்தது, எழுபத்திரண்டு. பதின்மூன்றைக் கொடுத்தபோது முகம் கொஞ்சம் சோகமாகக்கூட ஆகியது. உள்ளே பெரிய வெள்ளிக்கிழமை ஓடுகிறது என்று எனக்குத் தெரியும்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கம்பவுண்டர், பாத்தீங்களா? ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால இந்தப் புள்ள கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டுல்ல போடுது."

அத்தானின் கழுத்து நீண்டது. ஐயர் மூக்குப்பொடியை விரலிலேயே வைத்துக்கொண்டு "ஆமென்" என்றார்.

அது ஜெபமில்லை என்று நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் டீச்சர் என் பக்கம் திரும்பி, "நல்லா வளத்திருக்கீங்க தம்பி" என்றுவிட்டார். கல்லூரி என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியதிலிருந்து, முன்பின் தெரியாத ஒருவர் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல் தரம். கையைக் கட்டிக்கொண்டு அடக்கமாகச் சிரித்தேன்.

டீச்சர் லில்லியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"இப்படிப்பட்ட புள்ளைய வீட்டுல வெச்சு வீணாக்கக் கூடாது. எனக்குக் குடுத்துருங்க. ரெண்டாங் கிளாசுலயே சேத்துக்கிறேன். செவ்வாக்கெழம பஸ்ஸுல நானே கையோட கூட்டிட்டுப் போயிடுறேன்."

"டீச்சர் சொன்னாச் சரிங்க" என்றார் அத்தான்.

தேறலன்னா திருச்சி. தேறினாலும் திருச்சி. நாலு மாதம் தொண்டை கிழியக் கத்தி, உருண்டை உருட்டி, அந்தப் பிள்ளையை நானே பஸ் ஏற்றி விட்டிருக்கிறேன்.

அக்கா கூடத்து வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். என்னையே பார்த்தாள்.

"சபாசுடா வாத்தியாரே" என்றாள்.

சாயங்காலம் கொல்லைப்புறம் போனபோது, லில்லியின் கவுன்களைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமைக்குள் காய வேண்டுமே.

"அக்கா, நான் வேணா அத்தான்கிட்ட..."

"நீ ஒண்ணுஞ் செய்யாதடா. செஞ்ச வரைக்கும் போதும்."

ஒரு கவுனை உதறினாள். தண்ணீர் என் முகத்தில் அடித்தது. தெரிந்து அடித்தாளா, தெரியாமல் அடித்தாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

ஓரேழு ஏழு

இப்போது கோயிலுக்கு வாருங்கள். லில்லி பாவம், மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

அறுப்புப் பண்டிகையில் முதல் சரணத்தைப் பிள்ளைகள் மட்டும் பாட வேண்டும், பிறகுதான் சபை சேரும். அது எங்கள் கோயில் வழக்கம். வருஷம் ஒரு தரம் பாடுகிற பாட்டானதால் எந்தப் பிள்ளைக்கும் வார்த்தை சரியாக ஞாபகமில்லை. முதலில் யார் தொடங்குவார் என்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

லில்லிக்குச் சந்தேகமே இல்லை. கணீரென்று எடுத்தாள்.

"ஓரேழு ஏழு... ஈரேழு பதினாலு..."

மற்றப் பிள்ளைகளுக்கு அப்பாடா என்று இருந்திருக்கும். இதற்கு வார்த்தை எல்லோருக்கும் தெரியும். மூவேழில் நாலு பேர் சேர்ந்தார்கள். நாலேழில் முன்பாய் முழுக்கச் சேர்ந்துவிட்டது. ஹார்மோனியக்காரர் கண்ணை மூடினால் பாட்டு முடிகிற வரை திறக்காதவர், அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனார். "ஏழேழு நாப்பத்தொம்போது" என்ற இடத்தில் ராகம் உச்சிக்குப் போகும். இருபது பிள்ளைகளும் சேர்ந்து அந்த நாற்பத்தொன்பதைக் கூரைக்கு ஏற்றினார்கள். கோழிகள் கொக்கரித்தன. ஐயர் திறந்த வாயை மூடவில்லை. பெண்கள் பக்கம் முந்தானைகள் வாய்க்குப் போயின.

ஒன்று சொல்ல வேண்டும். அவ்வளவு ஒற்றுமையாக அந்தப் பாட்டை அதற்கு முன்னாலும் பின்னாலும் அந்தக் கோயிலில் யாரும் பாடியதில்லை.

"பத்தேழு எழுபது" என்று முடித்தாள். ஹார்மோனியம் நின்றது. கோயிலே யார் இதைச் செய்தது என்று தேடியது.

லில்லி அதற்கும் சிரமம் வைக்கவில்லை. எழுந்தாள், ஆண்கள் பக்கம் திரும்பினாள், என்னைக் கண்டுபிடித்தாள். கையை நீட்டினாள்.

உருண்டைக்கு.

ருஷ்ய டாக்டரின் நாய்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்காது.

மூன்று தரம்

ஆராதனை முடிந்ததும், கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவார்கள். அன்றும் விட்டார்கள். நான் பூசணிக்காய்க்குப் பின்னால் ஒளிய இடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, இங்க வாங்க" என்றார் ஞானாபரணம் டீச்சர்.

அத்தான் பக்கத்தில் நின்றார், காது இரண்டும் சிவப்பு மருந்தாக. அக்கா லில்லியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து ஒதட்டுக்குள்ள சொன்னுச்சே, அது?"

"அதுவும் இதுதாங்க."

"ஜெபம் இல்ல?"

"இல்லீங்க டீச்சர்."

"நேத்தே ஏன் சொல்லல?"

"நீங்க... நல்லா வளத்திருக்கீங்கன்னு சொன்னீங்க."

டீச்சர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். "இந்த ஒரு பாட்டுலதானா?"

இனி மறைத்து என்ன? ஈஸ்டரைச் சொன்னேன். கிறிஸ்துமஸைச் சொன்னேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார், இந்தத் தரம் வேறு காரணத்துக்கு.

"பெரிய வெள்ளிக்கெழம?"

"பதிமூணுங்க. ராகம் கொஞ்சம் துக்கமா இருந்துச்சு. அந்த வாய்ப்பாடும் அப்புடித்தாங்க."

டீச்சர் சட்டென்று மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் தெரிந்தது. தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். திரும்பியபோது முகம் இறுகித்தான் இருந்தது, மூக்கு நுனி மட்டும் சிவந்திருந்தது.

"ஒனக்குத் தெரியாதாம்மா, இது சாமி பாட்டுன்னு?" என்று லில்லியைக் கேட்டார்.

"மாமாதான் சொன்னுச்சு, ஹார்மோனியம் கேட்டா யோசிக்கக் கூடாதுன்னு" என்றாள் லில்லி. கை இன்னும் என் பக்கம் பாதி நீட்டியபடியேதான் இருந்தது.

டீச்சர் அத்தானிடம் திரும்பினார்.

"கம்பவுண்டர், எங்கிட்ட அறுவது பொண்ணுங்க இருக்காங்க. காலையில பாட்டு, சாயங்காலம் பாட்டு. பண்டிகைப் பாட்டுக்கு மாசக்கணக்கா ஒத்திகை. இவ இங்க ஒரு நிமிசத்துல இருவது பேர மாத்திப்புட்டா. அங்க வந்தா ஒரு வாரத்துல அறுவதும் போச்சு."

"கோழி ஒரு தரம்" என்றார் ஏலம் விடுகிறவர், அந்தப் பக்கம்.

"அப்ப செவ்வாக்கெழம..." என்றார் அத்தான்.

"செவ்வாக்கெழம நான் மட்டும் போறேன். இவளுக்கு மொதல்ல பாட்டுக்குள்ள வார்த்தையச் சொல்லிக் குடுங்க. எல்லாப் பாட்டும் சரியா வந்த பெறகு கூட்டிட்டு வாங்க."

"கோழி ரெண்டு தரம்."

"யாரு டீச்சர் சொல்லிக் குடுக்குறது?"

டீச்சர் விரலை நீட்டினார். என்னைத் தாண்டி, அக்காவை நோக்கி.

"அவங்க. இந்தத் தம்பி ஹார்மோனியம் இருக்குற பக்கமே வரக் கூடாது."

"மூணு தரம்" என்று கத்தினார் ஏலக்காரர். கோழி யாருக்குப் போனதோ தெரியாது. லில்லி எங்களுக்கு.

அந்தப் போர்டிங்குக்கு அவள் பிறகு போகாமல் இல்லை. இரண்டு வருஷம் கழித்து, எட்டு வயதில், தண்ணீரைத் தானே எடுத்துக் குடிக்கத் தெரிந்த பிறகு போனாள். கணக்கில் முதல் ஆளாம். பாட்டு வகுப்பில் மட்டும் அவளை ஹார்மோனியத்துக்கு எதிரில் உட்கார வைப்பதில்லை என்று கேள்வி.

அன்று மத்தியானம் அரிமளத்துக்கு வண்டி திரும்பியது. அத்தான் முன்னால், வண்டிக்காரனுக்குப் பக்கத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. புறப்பட்டதிலிருந்து ஒரு சொட்டுப் பேச்சு இல்லை. பின்னால் நான், அக்கா, அக்கா மடியில் லில்லி. காயப்போட்ட கவுன்களை மூட்டையாகக் கட்டி அக்கா அவள் தலைக்கு அணையாக வைத்திருந்தாள். ஊருக்குப் போனதும் என் பெட்டியைக் கட்டிவிட வேண்டியதுதான் என்று எண்ணிக்கொண்டு வந்தேன்.

பாதி வழியில் அக்கா என் காலைச் சுரண்டினாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"டேய், பாட்டுப் புஸ்தகத்துல இன்னும் எத்தன பாட்டுடா சும்மா இருக்கு?"

"அது இருக்குக்கா நூத்துக்கணக்குல."

"வாய்ப்பாடு?"

"அது பதினாறோட சரி. அவ முடிச்சிட்டா."

அக்கா லில்லியின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

"எல்லாப் பாட்டும் சரியா வந்த பெறகுதான போர்டிங்கு? மிச்சப் பாட்டுக்கெல்லாம் என்ன போடலாம்னு பாத்து வையி."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"மருந்துப் பேரு நெறைய இருக்கு" என்றார் அத்தான், திரும்பிப் பார்க்காமலே.